பீப்பாயும் துணிக்கொடியும்

நியூசிலாந்தின் தென்கோடியில், டுவாடாபெரே பக்கம் ராய்ஸ் கெனலியின் மூக்கைப் பற்றிக் கதை சொல்லாத பண்ணைக்காரன் கிடையாது. முப்பத்தோரு வருஷம் பால் டேங்கர் ஓட்டியவன். பண்ணைக்குப் போய், பால் தொட்டியின் மூடியைத் தூக்கி, குழாய் மாட்டுவதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பார்க்க வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. மற்ற ஓட்டுநர்கள் கடனே என்று முகர்வார்கள். ராய்ஸ் தொட்டிமேல் குனிந்தால் பண்ணைக்காரன் கை வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்பான்.

ஒருமுறை ஆற்றுக்கு அக்கரையில் ஃபெர்கஸ் என்பவனுடைய பண்ணையில் மூடியைத் திறந்தவன், அப்படியே திரும்ப மூடிவிட்டான்.

"என்ன ஆச்சு?" என்றான் ஃபெர்கஸ்.

"டீசல்."

"பால்லயா? காலங்காத்தால குடிச்சிட்டு வந்திருக்கியா?"

"நான் குடிக்கல. உன் பால்தான் குடிச்சிருக்கு."

விசாரித்தால், டிராக்டரைப் பிரித்துப் போட்டிருந்த வேலையாள் கை துடைத்த அதே துணியால் தொட்டியின் மூடியையும் துடைத்திருக்கிறான். நாலாயிரம் லிட்டர் பால் சாக்கடைக்குப் போயிற்று. ஃபெர்கஸ் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ராய்ஸ் ஓய்வு பெற்ற அன்று பாதி ஆட்டைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவனும் அவன்தான். "அந்தப் பால் உன் டேங்கர்ல ஏறியிருந்தா, மத்த எல்லாரோட பாலுக்கும் சேத்து நான்தான் பதில் சொல்லியிருக்கணும்" என்றான்.

அந்த மூக்கை வைத்துத்தான் ராய்ஸ் ரம் வடித்தான்.

தொடங்கியது ஒரு விளையாட்டாக. மாட்டுத் தீவனத்தில் கலக்கும் கரும்புப்பாகு அரை டிரம் மிஞ்சிவிட்டது என்று ஒரு பண்ணையில் கொடுத்தார்கள். கெட்டியாக, கன்னங்கரேலென்று இருந்தது. மாட்டுக்குப் பிடிப்பது மனுஷனுக்கும் பிடிக்காமலா போகும் என்று நினைத்தான். அந்த வருஷம்தான் வீட்டின் வெந்நீர்க் கொதிகலனை மாற்றியிருந்தார்கள். பழைய செம்புக் கலன் ஷெட்டில் சும்மா கிடந்தது. அதை அறுத்து, கழுத்து வைத்து, வளைகுழாய் பற்றவைத்து, ஒரு வடிகலன் செய்தான். முதல் தடவை வந்ததை வேலியோரக் களைக்கு ஊற்றினான். களை செத்தது. இரண்டாம் தடவை வந்ததில் பெயின்ட் பிரஷ் கழுவினான். மூன்றாம் தடவை வந்ததை அரை மடக்கு குடித்துவிட்டு, ஊற்றி வைக்க ஒரு பீப்பாய் தேடப் போனான்.

நியூசிலாந்தில் வீட்டில் வடிப்பது குற்றமில்லை, விற்றால்தான் குற்றம். ஆகவே ராய்ஸின் ரம்மை யாரும் வாங்க முடியாது, வாய்விட்டுக் கேட்கத்தான் முடியும். அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில், வருஷத்திலேயே மிகக் குறுகிய பகல் வரும் நாளில், கேட்க உரிமையுள்ளவர்கள் எல்லாரும் கழுவிய பாட்டிலோடு அவன் ஷெட்டுக்கு வருவார்கள். வெள்ளத்தில் அவன் வண்டியை இழுத்து விட்டவன், காற்றில் விழுந்த கூரை ஓட்டைத் திரும்பப் போட்டவன், ஊசி போட வீட்டுக்கு வந்த நர்ஸ் என்று ஒரு பதினைந்து பேர். பீப்பாயிலிருந்து மூன்றில் ஒரு பங்கை இறக்கி அவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பான். அன்று மாலையே, அந்த வருஷம் புதிதாக வடித்ததை ஊற்றிப் பீப்பாயைத் திரும்ப நிறைப்பான். இருபத்தோரு வருஷத்தில் அந்தப் பீப்பாய் ஒருநாளும் காலியானதில்லை. முதல் வருஷத்து ரம்மின் சில சொட்டுகளாவது இன்னும் அதற்குள் இருக்கும். அதுதான் அதன் ருசி. அதன் ஆபத்தும் அதுதான். ஒரு வருஷம் கெட்டதை ஊற்றினால் இருபத்தோரு வருஷமும் கெட்டுப்போகும்.

அந்த வருஷம் மார்ச்சில் ராய்ஸுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்தான். எழுந்ததும் ஷெட்டுக்குப் போய் வாளியைத் திறந்தான்.

அந்த வாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வடித்து முடித்ததும் கலனில் மிஞ்சும் கறுப்புத் தண்ணீரை ராய்ஸ் கொட்டமாட்டான். மூடி போட்ட பெரிய வாளியில் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தான். அது புளித்து, நுரைத்து, மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டி, தனியாக ஒரு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது. அடுத்த ஊறல் போடும்போது அதில் நாலு குவளை சேர்த்தால் ரம்முக்கு அன்னாசியும் பழுத்த வாழைப்பழமும் கலந்த மணம் வரும். ஆனால் வாளியைத் திறந்தால் மணப்பது வேறு. பக்கத்து வீட்டு ராவிரி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன், செத்த திமிங்கிலத்தைக் கடற்கரையில் புதைக்கப் போய் வந்தவன், ஒருமுறை அந்த வாளிக்கு மேல் குனிந்துவிட்டு வெளியே ஓடி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ராய்ஸ் மூடியைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

இன்னும் குனிந்தான். மூக்கு ஆடையைத் தொடும் அளவுக்குக் குனிந்தான். சுத்தமான குளிர்ந்த காற்று மட்டும் உள்ளே போயிற்று. கண்ணாடிமேல் மூச்சு விடுவதுபோல இருந்தது.

சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று இருந்தான். ஏப்ரல் வந்தது. சரியாகவில்லை. ரொட்டி அட்டைபோல இருந்தது, வறுத்த ஆட்டிறைச்சி உப்புப் போட்ட அட்டைபோல இருந்தது. டாக்டர் சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றார். மனைவி ஐல்சாவிடம் "டாக்டர் நல்லா இருக்கேன்னுட்டார்" என்றான். மூக்கு போயிற்று என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கால் போனவனைப் பார்த்தால் ஊர் கதவைத் திறந்துவிடும். மூக்கு போன ராய்ஸ் கெனலியை என்ன செய்யும்? சிரிக்கும். அதைக்கூடத் தாங்கலாம். பீப்பாயை என்ன செய்வது?

இதற்குள் ராவிரி ஒருநாள் மாலை ஒரு பாட்டிலோடு வந்தான். அவன் வடிப்பது ஜின், ஜூனிபர் காயின் மணம் ஏற்றிய சாராயம்.

"டேய் ராய்ஸ், இத மோந்து சொல்லு. புதுசு."

ராய்ஸ் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, எத்தனையோ தடவை செய்ததுபோலத் தலையைச் சாய்த்தான். "ஜூனிபர் கொஞ்சம் தூக்கல்."

"போன தடவையும் இதத்தானே சொன்ன?"

"போன தடவையும் தூக்கலாத்தானே போட்டிருந்த?"

ராவிரி தாடையைத் தடவிக்கொண்டான். "இந்தத் தடவ ஜூனிபரே போடலடா. ஆரஞ்சுத் தோலும் எங்க ஊர்ப்பக்கத்து மிளகிலையும் மட்டுந்தான்."

"அப்ப அந்த மிளகிலதான் தூக்கல்" என்றான் ராய்ஸ். ராவிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். தன் மூக்கைச் சந்தேகப்பட அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டான்.

மே மாதம் ஊறல் போட்டான். இதற்கு மூக்கு வேண்டாம் என்பதால் தைரியமாகத்தான் இருந்தது. பாகைக் கரைத்து, ஈஸ்ட் தூவி, வாளித்தண்ணீர் நாலு குவளை சேர்த்து, தொட்டியைச் சுற்றி ஆட்டுரோமக் கம்பளியும், அதற்குமேல் விருந்தாளி அறையிலிருந்து எடுத்த மின்கம்பளியும் போர்த்தினான். தென்கோடிக் குளிரில் ஊறல் தானாகப் பொங்காது. குழந்தையைப் போலப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும். காது நன்றாகத்தான் கேட்டது. தொட்டியில் காதை வைத்தால் உள்ளே மழை பெய்வதுபோல ஒரு சத்தம். அது அடங்கினால் ஊறல் முடிந்தது. முதல் வடிப்பும் சிக்கலில்லை, எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கிவிடலாம்.

இரண்டாம் வடிப்பில்தான் மூக்கு வேண்டும். முதலில் வருவது தலை. நகப்பூச்சு அழிக்கிற மருந்துபோல மண்டைக்கு ஏறும், அதை ஒதுக்க வேண்டும். கடைசியில் வருவது வால். நனைந்த நாயும் நனைந்த அட்டையும்போல நாறும், அதையும் ஒதுக்க வேண்டும். நடுவில் வருவது மட்டும் பீப்பாய்க்கு. தலை எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டு யாரும் காட்டமாட்டார்கள். ராவிரி போன்றவர்கள் காரம் அளக்கும் மானியை மிதக்கவிட்டு, எண்ணைப் பார்த்துத் தலையையும் வாலையும் வெட்டுவார்கள். ராய்ஸ் அதைக் கேலி செய்வான். "காலண்டரப் பாத்து முத்தம் குடுக்கறவன்" என்று ராவிரிக்குப் பெயரே வைத்திருந்தான். இப்போது அவனே பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினான். ஒரு வருஷம் ஒரு எண்ணில் வெட்டியிருந்தான், அடுத்த வருஷம் வேறு எண்ணில். வாளிக்குள் இருப்பது உயிருள்ள ஒன்று. வருஷத்துக்கு ஒரு குணம். எண் உதவாது.

வடிக்க நல்ல நாள் பார்க்க வேண்டும். ஆவி தங்கக்கூடாது என்பதால் ஷெட்டின் இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டும். மழையும் தெற்குக் காற்றும் இருந்தால் முடியாது. ஜூனில் அந்த ஊருக்கு அப்படி நாள் மாதத்துக்கு மூன்றோ நாலோதான் வாய்க்கும். அதே நாட்களுக்காக ஐல்சாவும் காத்திருப்பாள். அவள் முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். உலர்த்தும் யந்திரத்தில் காய்ந்த துணி அவளுக்குத் துணியே இல்லை. துணிக்கொடி ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே ஓடியது. அதை வீட்டின் வடக்குப் பக்கத்துக்கு மாற்றிக்கட்டச் சொல்லி அவள் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உன் நாத்தம் என் போர்வையில ஏறுது." "மாத்தறேன், மாத்தறேன்" என்று அவனும் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

குறுகிய நாளுக்கு நாலு நாள் முன்பு வானம் வெளுத்தது. புல்மேல் உறைபனி, காற்று ஒரு பொட்டு இல்லை. ஐல்சா நாலு போர்வைகளைக் கொடியில் விரித்து, நடுவில் முட்டுக்கம்பு கொடுத்து உயர்த்தினாள். ராய்ஸ் கலனைச் சூடேற்றினான்.

பீச் பழம் பதப்படுத்தும் கண்ணாடி ஜாடிகள் இருபத்து நாலு, ஒட்டுத்தாளில் எண் எழுதி வரிசையாக வைத்திருந்தான். குழாயிலிருந்து நூல்போல ஒழுகுவது ஒரு ஜாடி நிறைந்ததும் அடுத்தது. ஒவ்வொன்றும் நிறைந்த நேரத்தை நோட்டில் குறித்தான். டேங்கர் காலத்துப் பழக்கம். ஒவ்வொன்றையும் முகர்ந்தும் பார்த்தான். அதுவும் பழக்கம்தான். மூக்கில் சூடு மட்டும் ஏறியது. ஒன்றாவதும் பத்தாவதும் அவனுக்கு ஒன்றே.

ஒரு மணி தாண்டியிருக்கும். பதினைந்தாவது ஜாடி பாதி நிறைந்திருந்தது. கதவு வழியாக ஐல்சா வருவது தெரிந்தது. விடுவிடென்று வந்து, கிளிப்புகளைப் பிடுங்கிக் கூடையில் போட்டு, நாலு போர்வையையும் தோளில் வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராய்ஸ் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தான். மேகமே இல்லை. கொடிமேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. போர்வைகள் பாதிகூட உலர்ந்திருக்காது. இரண்டு மணி நேர வெயிலை ஐல்சா வீணாக்கினாள் என்பது நடக்கக்கூடிய காரியமே இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தான். யோசித்தான். இத்தனை வருஷம், வால் வந்துவிட்டது என்று குறித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவன் வெளியே வரும்போதெல்லாம் கொடி எப்படி இருந்தது? காலியாக. எப்போதும் காலியாக. மழைக்கு எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வான். மழை இருந்தால் அவன் வடித்திருக்கவே மாட்டானே.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. காலையில் குழாயில் முதல் சொட்டு விழுந்ததுமே சமையலறை ஜன்னல் படாரென்று சாத்திய சத்தம். அப்புறம் திடீரென்று ரேடியோச் செய்தி ஷெட் வரைக்கும் கேட்டது. ஜன்னலைத் திறந்திருக்கிறாள். செய்தி பதினோரு மணிக்கு. நோட்டைப் புரட்டினான். பதினோரு மணிக்கு ஆறாவது ஜாடி முடிந்திருந்தது.

அவன் வடிப்பை நிறுத்தவில்லை. கடைசி ஜாடிவரை இறக்கி, எல்லாவற்றின் மேலும் பழைய வலைத்திரையை மூடினான். வடித்த அன்றே வெட்டக்கூடாது, ஓர் இரவு மூச்சு விட்டபின் மறுநாள் காலையில்தான் எது சேரும் எது சேராது என்று முடிவு செய்ய வேண்டும். அது அவன் வைத்திருந்த விதி.

சாப்பிட உட்கார்ந்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான். "மத்தியானம் துணிய ஏன் அவ்ளோ சீக்கிரம் எடுத்த?"

"நனைஞ்ச நாய் வாடை வந்துச்சு."

"வருஷா வருஷம் அப்பத்தான் எடுப்பியா?"

"பின்ன? அது வந்தப்புறம் அஞ்சு நிமிஷம் விட்டாலும் மறுபடி துவைக்கணும். அதான் கொடிய மாத்துன்னு தலையால அடிச்சுக்கறேன்."

ராய்ஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். "ஐல்சா. எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"மூக்கு போச்சு. அதானே?"

அவன் வைத்த முள்கரண்டியை மறுபடி கையில் எடுத்தான்.

"மனுஷா, ஏப்ரல்ல ஒருநாள் கெட்டுப்போன பால கஞ்சியில ஊத்தி, ஒரு பருக்கை விடாம வழிச்சுத் தின்ன. நீ! நாலாயிரம் லிட்டர்ல ஒரு சொட்டு டீசலக் கண்டுபிடிச்ச ஆளு! நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீதானே சொல்லணும், உன் மூக்கு. வயிறு சரியில்லாம ரெண்டு நாள் கிடந்தியே, அப்பவாவது சொல்லுவேன்னு பாத்தேன். 'நேத்து மீன் சரியில்ல'ன்ன. மீன நானுந்தான் தின்னேன்."

ராய்ஸ் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நாளைக்கு வெட்டணும். தப்பா வெட்டினா பீப்பாயே போயிடும். இந்த வருஷம் ஊத்தாம விட்டா, மூணுல ஒரு பங்கு காத்து நின்னு உள்ள இருக்கறது வீணாயிடும். யாருக்கும் ஊத்தாம விட்டா ஏன்னு கேப்பாங்க."

ஐல்சா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எத்தன மணிக்கு?" என்றாள்.

ஐல்சா குடிப்பதில்லை. பக்தி, கொள்கை என்று எதுவும் கிடையாது. தொண்டை எரிவதற்கு ஏன் இவ்வளவு பாடு என்பது அவள் கேள்வி. ஷெட்டுக்குள் வந்தே ஏழெட்டு வருஷம் இருக்கும். காலையில் கம்பளிச் சட்டையின் கைகளை இழுத்து மூடிக்கொண்டு வந்து நின்றாள். ராய்ஸ் திரையை விலக்கினான். அதற்கு முன்பே எழுந்து வந்து, பதினாறாவது ஜாடியை எண்ணைக் கிழித்துவிட்டு ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் வைத்திருந்தான். அவளிடம் சொல்லவில்லை.

அவள் ஒன்றாவது ஜாடிமேல் குனியக்கூட இல்லை. "இதுக்குத்தான் ஜன்னல மூடறது." நாலு, ஐந்து என்று நகர்ந்தாள். ஆறாவதில் முகத்தைச் சுளித்தாள், ஏழாவதில் நின்றாள். "இங்க திறப்பேன். வாழைப்பழம் வருது." எட்டு, ஒன்பது. அடுத்ததில் சட்டென்று பின்வாங்கினாள். "இந்த நாய் இங்க என்ன பண்ணுது?"

ராய்ஸ் அந்த ஜாடியை எடுத்துப் பதினைந்துக்கு அடுத்தபடி வைத்தான்.

"சோதிக்கிறியா? கல்யாணமாகி நாப்பத்திமூணு வருஷம். இன்னும் சோதிக்கிறியா?"

"பீப்பாய்க்காகத்தான்..."

"பீப்பாயையே கட்டியிருக்கலாம் நீ."

பதினாலு வரை சரி என்றாள். பதினைந்தைத் தள்ளிவைத்தாள். ராய்ஸ் பென்சிலால் குறித்துக்கொண்டு, மூடிகளை எடுக்கப் போனான். அவனைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. ஐல்சா நகரவில்லை. பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டே இருந்தாள். பத்தொன்பதில் நின்று, குனிந்து, இன்னொரு தரம் குனிந்தாள்.

"இதையும் சேத்துக்கோ."

"அது வால். வாலுக்கும் வால்."

"இருக்கட்டும். இதுல நாயே இல்ல. கிறிஸ்துமஸ் கேக் வெந்தப்புறம், கழுவறதுக்கு முன்னாடி அந்த டின்ன மோந்து பாத்திருக்கியா? அந்த ஓரத்துல தீஞ்சு ஒட்டியிருக்குமே, அது."

"இருபத்தோரு வருஷமா பதினஞ்சத் தாண்டி ஒரு சொட்டு உள்ள போனதில்ல."

"தாண்டி மோந்து பாத்திருக்கியா?"

ராய்ஸ் கையிலிருந்த மூடிகளைக் கீழே வைத்தான். பார்த்ததில்லை. நாய் வாடை வந்ததும் மிச்சம் அத்தனையையும் ஒன்றாக அடுத்த வருஷத்துக் கலனுக்கென்று ஒதுக்கிவிடுவான். மூக்கு வெறுத்துப் போயிருக்கும். ஊரே மெச்சிய மூக்கு வருஷா வருஷம் அந்த இடத்தில் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"துணிய உள்ள போட்டுட்டு, கிளிப் கூடைய எடுக்க மறுபடி வருவேன்" என்றாள் ஐல்சா. "அப்ப நாய் போயிருக்கும். இந்த வாசனைதான் நிக்கும். ஒவ்வொரு வருஷமும். எனக்கு உன் ரம்முல பிடிச்சது அது ஒண்ணுதான். அதையும் ஏன் போடமாட்டேங்கறேன்னு எனக்கென்ன தெரியும்? உன் தொழில், உன் மூக்கு."

அவள் போனபிறகு ராய்ஸ் அந்த ஜாடியைக் கையில் எடுத்தான். முகர்ந்தான். சூடு, அவ்வளவுதான். ஊற்றினால் எடுக்க முடியாது. டேங்கர் காலத்தில் அவன் சொன்ன ஒரு சொல்லுக்காக ஃபெர்கஸ் நாலாயிரம் லிட்டரைச் சாக்கடையில் விட்டான். ஃபெர்கஸுக்கு டீசல் வாடையே தெரியவில்லை. ராய்ஸுக்குத் தெரிகிறது என்பதை மட்டும் நம்பினான்.

குறுகிய நாளன்று எல்லாரும் வந்தார்கள். ஃபெர்கஸ் ஒவ்வொரு வருஷமும் தன் முதல் கிளாஸை நீட்டிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அந்த வருஷமும் கேட்டான். "டீசல் இல்லையே?"

ராய்ஸ் கிளாஸை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினான். "இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். ஐல்சா சூப்புக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு நிமிராமலே இருந்தாள். பாட்டில்கள் நிறைந்து, விளக்கு போடும் நேரத்துக்கு வண்டிகள் கிளம்பியதும், ராய்ஸ் புனலை வைத்து ஏழு முதல் பதினாலு வரை ஊற்றினான். பிறகு பத்தொன்பதை ஊற்றினான், முழுசாக. நல்ல தண்ணீர் சேர்த்துக் காரத்தைக் குறைத்தான். அடைப்பை அடித்து இறுக்கினான். நோட்டில் எழுதினான்: 'ஜாடி 19. ஐல்சா.'

அடுத்த வாரம் வீட்டின் வடக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதுக் கம்பம் நட்டான். இருபது வருஷம் தள்ளிப்போட்ட வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. ஐல்சா கம்பத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் நட்டிருக்க" என்றாள்.

ஒரு வருஷம் போயிற்று. ராய்ஸுக்கு மூக்கு திரும்பவில்லை. ஒருநாள் பெட்ரோல் நிலையத்தில் ஏதோ லேசாகத் தெரிந்ததுபோல இருந்தது. வண்டியில் ஏறியதும் அதுவும் இல்லை. பீப்பாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் அடைப்பைத் தொட்டுப் பார்ப்பான். திறந்து என்ன ஆகப்போகிறது? ஐல்சாவைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லலாம். அதற்கும் துணிவில்லை. கெட்டிருந்தால் நாளுக்கு முன்னால் தெரிந்து என்ன செய்வது?

மறுபடி ஜூனில் நல்ல நாள் வாய்த்தது. போர்வைகள் வடக்குப் பக்கத்துக் கொடியில் வெயில் காய்ந்தன. ராய்ஸ் வடித்துக்கொண்டிருந்தபோது தலை நிமிர்ந்து பார்த்தான். ஷெட்டுக்கு எதிரே பழைய கொடியில் பாத்திரம் துடைக்கும் துண்டு ஒன்றே ஒன்று, இரண்டு கிளிப்புகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி சுமாருக்கு ஐல்சா வந்தாள். அதை எடுத்துக்கொண்டு, ஷெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். ராய்ஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

குறுகிய நாள் வந்தது. முதல் கிளாஸ் ராவிரிக்கு. அவன் ஒரு மடக்கு குடித்தான். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு காலி வாளிமேல் உட்கார்ந்தான். ராய்ஸ் அடுத்த கிளாஸை நிரப்புவதை நிறுத்தினான். ராவிரி இன்னொரு மடக்கு குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்னடா பண்ணின இதுல?"

"ஏன்?"

"ஏனா? இத்தன வருஷம் நீ எங்களுக்குக் குடுத்தது என்னது அப்போ?" கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "விழுங்கினப்புறமும் போகமாட்டேங்குது. தீஞ்ச சர்க்கரை மாதிரி, அடியில... எந்த நம்பர்ல வெட்டின, சொல்லு. சொல்லாம நான் போகமாட்டேன்."

மற்றவர்களும் கிளாஸை நீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். ராய்ஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனுக்குக் கிடைத்த ருசி அதுதான். பிறகு சொன்னான், எல்லாருக்கும் கேட்கும்படி.

"எனக்கு மூக்கு போயி ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. போன வருஷம் வெட்டினது ஐல்சா. இந்த வருஷமும் அவதான்."

யாரும் சிரிக்கவில்லை. ராவிரி மட்டும் மெல்ல, "அப்ப என் ஜின்னு..." என்று ஆரம்பித்தான்.

"எனக்கு எதுவுமே தெரியலடா. மன்னிச்சுக்கோ."

"தெரியும்டா கழுத, நான் அதுல ஜூனிபர் போட்டிருந்தேன். ஆழம் பாத்தேன். அப்புறம் கேக்க மனசு வரல."

ஃபெர்கஸ் இத்தனை நேரமும் தன் கிளாஸோடு கதவருகே நின்றிருந்தான். கேட்கலாமா, வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. ராய்ஸே போய் அந்தக் கிளாஸை வாங்கி, சூப்புப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்ற ஐல்சாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஃபெர்கஸ் தொப்பியைக் கழற்றினான்.

"டீசல் இல்லையே?" என்றான்.

ஐல்சா முகர்ந்தாள். அவசரப்படாமல் இன்னொரு தரம் முகர்ந்தாள். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தாள்.

"ரம்முல இல்ல" என்றாள். "உன் சட்டையில இருக்கு."